படிக்கிற புத்தகத்தைப் பற்றிப் பேச முன் அனுமதியா? மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கு,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் கிளை நூலகத்தில் மாதக் கடைசி ஞாயிறு மாலை வாசகர் வட்டம் கூடும். அதில் 'இப்போது என்ன படிக்கிறீர்கள்' என்று ஆளாளுக்குப் பேசும் ஒரு மணி நேரம் உண்டு. அதை இனி நடத்தக் கூடாது என்று உங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் எதுவும் வரவில்லை. அதற்குப் பதிலாக மாதம் ஒரு சிறப்பு விருந்தினரை அழைத்துச் சொற்பொழிவு வைக்க வேண்டுமாம், தலைப்பை முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டுமாம், வாசகர் யாராவது ஒரு நூலைப் பற்றிப் பேசியே தீருவேன் என்றால் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி நூலகரிடம் கொடுத்து, அவர் படித்துப் பார்த்த பிறகு வாசிக்கலாமாம். அதிலும் 'எதிர்மறைக் கருத்துகள்' இருக்கக் கூடாதாம். இந்தச் செய்தியை எங்களிடம் சொல்ல வேண்டிய நிலைமை நூலகருக்கு. அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

இதைக் கேட்டு நாங்கள் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தோம். பதில் இல்லை. அதனால்தான் இப்போது எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் எழுத்தாளர் இல்லை, விமர்சகரும் இல்லை. கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். வாசகர் வட்டத்தில் எனக்குப் பதவி எதுவும் கிடையாது, பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற, கேட்கிற ஆள். அந்த ஒரு மணி நேரம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை, சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டீர்கள் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

பத்திரிகை படிக்கும் மேசையைச் சுற்றி உட்காருவோம். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க நாளிதழ்கள் மேல் கருங்கல் வைத்திருப்பார்கள், அதை ஓரமாக நகர்த்திவிட்டு அவரவர் புத்தகத்தை மேசை மேல் வைக்க வேண்டும். புத்தகம் கையில் இல்லாதவர் பேசக் கூடாது, கேட்கலாம். பேசுகிறவர் முதலில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். படித்து முடித்த புத்தகமானால் இரண்டு நிமிடம், பாதியில் இருக்கிற புத்தகமானால் ஐந்து நிமிடம். இந்த விதியைப் போட்டது யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை, ஆனால் போட்டவர் விவரமானவர். முடித்தவர்கள் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பாதியில் இருக்கிறவருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாது, அவர் நம்மிடமே கேட்பார், குழம்புவார், கோபப்படுவார், பேச்சு அங்கேதான் சூடு பிடிக்கும்.

நூலகர் கோடு போட்ட நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறார். அதை நீங்கள் ஒருமுறை வாங்கிப் பார்க்க வேண்டும். ஸ்பின்னிங் மில்லுக்குப் போகும் ஒரு அக்கா சொன்னது அதில் இப்படி இருக்கிறது: "88ஆம் பக்கம். கதாநாயகி அழுதுட்டே இருக்கறா. எனக்கு அவளைப் பிடிக்கலீங்க. ஆனா கீழ வைக்கவும் முடியல." இதைவிடச் சரியாக ஒரு நாவலைப் பற்றி இரண்டு வரியில் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த அக்காவை ஒரு பக்கம் எழுதி வாருங்கள், நூலகர் திருத்தித் தருவார் என்று சொன்னால் அவர் வருவாரா? வர மாட்டார். அவர் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். படிப்பார், நன்றாகப் பேசுவார், எழுதச் சொன்னால் 'எனக்கு அதெல்லாம் வராதுங்க' என்று எழுந்து போய்விடுவார். உங்கள் ஒரு பக்க விதி முதலில் வெளியேற்றப்போவது இவரைப் போன்றவர்களைத்தான்.

சரி, இந்தத் தடை எதனால் வந்தது? உங்கள் அலுவலகத்தில் காரணம் சொல்லவில்லை என்றாலும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பகுதியில் ஒரு பெரிய மனிதர் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொந்தச் செலவில் அச்சடித்து நூலகத்துக்கு ஒரு கட்டு இலவசமாகக் கொடுத்தார். நல்ல தாள், கெட்டி அட்டை, உள்ளே வண்ணப் படங்கள். கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்றன. தறி ஓட்டும் ஒரு அண்ணன் அதை எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வந்து வட்டத்தில் பேசினார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதைத்தான் 'நூலாசிரியரை இழிவுபடுத்திப் பேசினார்கள்' என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்:

"நாப்பது பக்கம் படிச்சனுங்க. அவரு யாரைப் போயிப் பார்த்தாரு, யாரு அவருக்கு மாலை போட்டாங்கங்கறதுதான் இருக்குது. சின்ன வயசுல ரொம்பக் கஷ்டப்பட்டேன்னு ஒரே வரியில சொல்லிப்போட்டுத் தாண்டிப் போயிட்டாரு. அந்தக் கஷ்டத்தை எழுதியிருந்தார்னா நான் நைட் ஷிப்ட்டுக்குக்கூட எடுத்துட்டுப் போயிப் படிச்சிருப்பேன்."

இதில் இழிவு எங்கே இருக்கிறது? புத்தகத்தைக் கையில் எடுத்து, நாற்பது பக்கம் படித்து, எங்கே நின்றுபோனேன், எதை எழுதியிருந்தால் தொடர்ந்திருப்பேன் என்று ஒரு வாசகர் சொல்கிறார். பணம் கொடுத்தாலும் இப்படி ஒரு கருத்து கிடைக்காது. அந்தப் பெரியவருடைய வெளியீட்டு விழாவில் மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் பாராட்டித்தான் பேசினார்கள், அதில் எத்தனை பேர் புத்தகத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்று அவருக்கே சந்தேகம் இருக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான், அப்படி என்னதான் எழுதியிருக்கிறார் என்று பார்க்க நாலைந்து பேர் அந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார்கள். அதுவரை பின் அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற தாளில் ஒரு தேதி முத்திரைகூட விழவில்லை.

பிடிக்கவில்லை என்று சொல்வதற்கே உரிமை இல்லை என்றால் பிடித்திருக்கிறது என்பதற்கு என்ன மதிப்பு? ஒரு நாவலைத் தடை செய்யச் சொன்ன வழக்கில் 2016 ஜூலையில் தீர்ப்புச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றம், படிப்பதும் விடுவதும் வாசகரின் விருப்பம், பிடிக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள் என்றது. நூலகப் புத்தகத்தைத் தூக்கிப் போட முடியாது, அபராதம் கட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்று வாயால் சொல்லிவிட்டுத் திருப்பித் தருகிறோம், அவ்வளவுதானே.

'முழுசாகப் படிக்காமல் கருத்துச் சொல்வது சரியில்லை' என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னாராம். இதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன்.

எங்கள் வட்டத்துக்குக் குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும் ஒரு தம்பி வருகிறான். உ.வே.சா.வைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மதிப்பெண் விடைகள்: பிறப்பு 1855, சொந்த ஊர் உத்தமதானபுரம், தமிழ்த் தாத்தா, சிந்தாமணிப் பதிப்பு 1887. தேர்வுக்கு உதவுமே என்று அவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய 'என் சரித்திரம்' எடுத்துப் போயிருக்கிறான். அந்தத் தடிமனைப் பார்த்தாலே எனக்குக் கை வலிக்கும். அடுத்த கூட்டத்தில் மூக்கால் அழுதான். "அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, யமகம்னு பாடம் கேட்டுக்கிட்டே இருக்கார்க்கா. இதையெல்லாம் படிச்சு அவருக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. திருப்பிக் கொடுத்துடறேன்." ஓய்வு பெற்ற தமிழாசிரியை அம்மா ஒருவர் சிரித்தார். "கும்பகோணம் காலேஜ் வேலைக்கு அவர் வர்ற வரைக்கும் பொறுத்துப் படி தம்பி. இப்ப நீ சொன்னதையே அவர் முகத்துக்கு நேரா ஒருத்தர் சொல்லுவார்."

பையன் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. அடுத்த மாதம் வந்து நின்றுகொண்டே பேசினான், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்க உ.வே.சா. போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவரும் பெருமையாக அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று வரிசையாகச் சொல்கிறார். அவர் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. கடைசியில், இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார். அதற்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்திருக்கிறீர்களா, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். எத்தனையோ வருடம் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவரிடம் இப்படி ஒரு கேள்வி! எவ்வளவு சுருக்கென்று இருந்திருக்கும். ஆனால் அங்கிருந்துதான் சிந்தாமணி ஏட்டுச் சுவடியைக் கையில் எடுத்தார், ஏழு வருடம் கழித்து அச்சில் கொண்டுவந்தார், அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து 'நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்' என்று பேசிக்கொண்டதுதான் இது. உங்கள் விதிப்படி முதலியார் தன் கருத்தை ஒரு பக்கத்தில் எழுதி முன் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். 'என்ன பிரயோசனம்' என்பது எதிர்மறைக் கருத்து என்று அடித்திருப்பார்கள். பாதிப் புத்தகத்தில் நின்று புலம்பிய அந்தத் தம்பியையும் பேச விட்டிருக்க மாட்டார்கள், தமிழாசிரியை அம்மாவும் பதில் சொல்லியிருக்க மாட்டார், புத்தகம் அலமாரிக்குப் போயிருக்கும்.

சொற்பொழிவுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பேச்சாளர் வந்தால் முதல் வரிசையில் போய் உட்காருவேன். ஆனால் மாதா மாதம் கட்டாயமாக நடக்கும் விருந்தினர் கூட்டம் எப்படிப் போகும் என்று உங்களுக்கும் தெரியும். நாலு மணிக்கு என்று போட்டு ஐந்தரைக்குத் தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, வாழ்த்துரை, வாழ்த்துரை. பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை. சிறப்பு விருந்தினர் பேச எழும்போது பிள்ளைகளைக் கூட்டிவந்த பெண்கள் கிளம்பியிருப்பார்கள். அவர் வாசிப்பின் அவசியத்தைப் பற்றிப் பேசுவார், அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் மடியில் புத்தகத்தோடுதான் இருப்பார்கள். கடைசியில் குழுப் புகைப்படம், அதை உடனே வாட்ஸ்அப்பில் மேலே அனுப்ப வேண்டும். அறிக்கைக்குப் படம் தேவை என்பது புரிகிறது, உங்களுக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதையே படம் எடுத்து அனுப்பலாமே. பொன்னாடை இருக்காது, மற்றபடி படம் படம்தான்.

'கருத்துச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் ஃபேஸ்புக்கில் எழுதிக்கொள்ளட்டும்' என்ற யோசனையையும் கேட்டேன். நானும் ஃபேஸ்புக்கில் இருக்கிறேன். அங்கே புத்தகத்தைப் படிக்காதவர் படித்தவரைவிடச் சத்தமாகப் பேசலாம், யாரும் பக்கம் எத்தனை என்று கேட்பதில்லை. இங்கே எதிரில் உட்கார்ந்திருப்பவர் நம் வீட்டு மோட்டாரைச் சரி செய்ய வருகிற ஆள், நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டும், அதனால் மரியாதை தானாக வந்துவிடும். அந்தப் பெரியவரைப் பற்றிப் பேசியபோதும் 'அவரு' என்றுதான் பேசினார் தறிக்கார அண்ணன். அப்புறம், வட்டத்துக்கு வருகிறவர்களில் ஃபேஸ்புக்கே இல்லாதவர்கள் நிறையப் பேர்.

இதையெல்லாம் எங்கள் ஆசைக்காக மட்டும் கேட்கவில்லை, உங்கள் துறையின் வேலைக்கே இது உதவுகிறது. நூலகவியல் அறிஞர், சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கென்று எழுதிவைத்த ஐந்து விதிகளைப் படித்துத்தான் நீங்கள் இந்தப் பதவிக்கு வந்திருப்பீர்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் வேண்டும் என்பது மூன்றாவது விதி. எங்கள் நூலகத்தில், அரசு மொத்தமாக வாங்கி அனுப்பும் நூலக ஆணையில் வந்து இறங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு, அலமாரியில் ஏறிய பிறகு ஒருவரும் தொடாத புத்தகங்கள் எத்தனையோ உண்டு. அவற்றுக்கு யார் வாசகரைத் தேடிக் கொடுப்பது? ஒரே ஆளாக நூலகத்தைத் திறந்து, கூட்டி, பதிவேடு எழுதி, கணினியிலும் ஏற்றும் நூலகரா? பக்கத்து பெஞ்சில் இருப்பவர் 'இதைப் படித்துப் பாருங்கள், முதல் அத்தியாயத்தைத் தாண்டினால் விட மாட்டீர்கள்' என்று சொல்லி நீட்டுவதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. மண்ணியல் பற்றி ஒரு மொழிபெயர்ப்பு நூல் பல வருடம் தூங்கிக்கொண்டிருந்தது. கிணறு வெட்டும் வேலை செய்கிற ஒருவர் எடுத்துப் படித்து, தான் பார்த்த பாறையையும் அதில் எழுதியிருந்த பாறையையும் ஒப்பிட்டுப் பேசியபிறகு அது வரிசையில் காத்திருந்து வாங்கும் புத்தகமாகிவிட்டது.

எதை வாங்க வேண்டும் என்பதும் அந்த மேசையில்தான் தெரியவரும். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களில் எங்கள் நூலகத்தில் இரண்டாம் பாகம் மட்டும் காணோம். 2022-இல் படம் வந்தபோது முதல் பாகத்தை முடித்தவர்கள் எல்லாம் வாசலில் தவித்துக்கொண்டு நின்றார்கள். படம் பார்த்து மிச்சத்தைத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு, அவர்களை என்ன சொல்வது. இதை நோட்டில் பல தடவை எழுதியிருக்கிறோம். எந்தச் சிறப்பு விருந்தினரும் இதை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

இன்னும் ஒன்று. 1948-இல் வந்த சட்டம் நம்முடையது, சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். சொத்து வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கிறது, சொத்து வரியில் பத்து சதவீதம். நான் என் ஓட்டு வீட்டுக்குக் கட்டுகிறேன், தறிக்கார அண்ணனும் கட்டுகிறார். வாசகர் வட்டம் என்ற ஏற்பாட்டையே உங்கள் துறைதான் ஊக்குவித்து வளர்த்தது. நூலகத்துக்கு நாற்காலி, மின்விசிறி வேண்டும் என்றபோது அதே வட்டத்தை வைத்துத்தான் ஆயிரம் ரூபாய்ப் புரவலர்களைச் சேர்த்தீர்கள். அப்போது நாங்கள் என்ன பேசுகிறோம் என்று யாரும் கவலைப்படவில்லை.

எங்கள் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

தொலைபேசியில் சொன்னதைத் திரும்பப் பெறுங்கள். திரும்பப் பெற முடியாது, அது உத்தரவுதான் என்றால் எந்த விதியின் கீழ் என்று குறிப்பிட்டு எழுத்தில் தாருங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம், முப்பது நாளில் நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டு தரப்புக்கும் அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இப்போதே கேட்கிறேன்.

மாதக் கடைசி ஞாயிறு மாலை அந்த ஒரு மணி நேரத்தைப் பழையபடி விடுங்கள். முன்கூட்டி எழுதிக் கொடுப்பது, ஒப்புதல் வாங்குவது எதுவும் இல்லாமல். யாராவது ஆளைப் பற்றித் தரக்குறைவாகப் பேசினால் நிறுத்தும் அதிகாரம் நூலகருக்கு இருக்கட்டும், அது இப்போதும் இருக்கிறது. புத்தகத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கும் வேண்டாம். சொற்பொழிவு வைக்க வேண்டுமென்றால் வேறொரு ஞாயிறு வையுங்கள், நாற்காலி போட நாங்கள் வருகிறோம்.

நூலகர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்காதீர்கள். இந்த மடல் அவருக்குத் தெரியாமல் எழுதப்பட்டது. அவரை எங்காவது மாற்றிவிட்டு 'நிர்வாகக் காரணம்' என்று போட்டால் அது எதனால் என்று இந்த ஊரில் ஒருவரும் ஏமாற மாட்டார்கள்.

வாழ்க்கை வரலாறு எழுதிய பெரியவரை எங்கள் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். தறிக்கார அண்ணனுக்குப் பக்கத்தில் உட்காரட்டும். சின்ன வயதில் பட்ட கஷ்டத்தை ஒரு பத்து நிமிடம் பேசினால் போதும், அடுத்த பதிப்புக்கு அவருக்கே ஆகும்.

நீங்களும் ஒருமுறை வாருங்கள். ஆய்வுக்கு வருகிற மாதிரி வேண்டாம். இப்போது படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தைக் கையோடு எடுத்து வந்து, எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். உங்களுக்கும் ஐந்து நிமிடம்தான்.

'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தை அடுத்த கொள்முதலில் சேருங்கள், ஒரு பிரதி போதாது, இரண்டாக அனுப்புங்கள்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்குள் பதில் வர வேண்டும். நூலக முகவரிக்கு ஒரு கடிதமாக அனுப்பினால் போதும், அறிவிப்புப் பலகையில் நாங்களே ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிளை நூலக உறுப்பினர் ஒருத்தி